ஷூ எங்கே கடிக்கிறது? மலைநடைக் காலணியின் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டுபிடித்தல்

“செருப்பு கடிக்கிறது” என்று சொல்கிற மொழி நம்முடையது. பாம்புக்கும் தேளுக்கும் கொடுத்த வினைச்சொல்லையே காலணிக்கும் கொடுத்திருக்கிறோம். கடி என்று வந்துவிட்டால் முதல் கேள்வி எங்கே, எப்போது என்பதுதான். ஆனால் மலையேற்றத்துக்கு ஷூ வாங்கப் போகிறவர்கள் “எது நல்ல ஷூ?” என்றே கேட்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. பழைய ஷூ எங்கே கடித்தது, ஏற்றத்திலா இறக்கத்திலா, கிளம்பிய அரைமணியிலா நான்காவது மணியிலா என்று திருப்பிக் கேட்கிறேன். அந்த மூன்று பதில்களிலேயே அடுத்த ஷூ பாதி தெரிந்துவிடும். பல நேரங்களில் அடுத்த ஷூவே தேவையில்லை என்றும் தெரிந்துவிடும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் லேஸ், அடுத்து சாக்ஸ், அடுத்து இன்சோல் (ஷூவுக்குள் பாதத்தின் அடியில் கிடக்கும், கழற்றி எடுக்கக்கூடிய மெத்தை), கடைசியாகத்தான் புது ஷூ என்ற வரிசையில் போங்கள். முதல் மூன்றுக்கும் செலவு குறைவு, லேஸுக்குச் செலவே இல்லை.

ஏற்றத்தில் குதிகால் எரிகிறது, மாலைக்குள் கொப்புளம்

மேல்தோல் தேய்வதால்தான் கொப்புளம் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் வியர்வையில் நனைந்த தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தோலின் அடுக்குகள் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, உள்ளுக்குள்ளேயே பிரிந்து, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. ஆகவே குதிகால் நகர்வதைக் குறைக்க வேண்டும். ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

ஷூவைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் முன்பாதத்தை மட்டும் வைத்து ஏறிப் பாருங்கள். குதிகால் அரை சென்டிமீட்டருக்கு மேல் எழும்பினால், பிடி போதவில்லை. லேஸின் கடைசி இரண்டு துளைகளை இதற்காகவே வைத்திருக்கிறார்கள். பலர் அந்தக் கடைசித் துளையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்தின் கடைசித் துளைக்குள் நுழைத்துச் சின்ன வளையமாக விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு இடது முனையை வலது வளையத்துக்குள்ளும், வலது முனையை இடது வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். கணுக்காலைச் சுற்றி ஒரு பூட்டு விழும். நீள லேஸ் உள்ள பெரும்பாலான ஷூக்களில் இது வேலை செய்கிறது. இதற்கும் அடங்காத குதிகாலுக்கு ஷூவின் பின்பகுதி அகலம் அதிகம் என்று பொருள். சற்றுத் தடித்த இன்சோல் போட்டுப் பார்த்து, அதற்கும் சரிவராவிட்டால் வேறு வார்ப்பில் செய்த ஷூவுக்குப் போக வேண்டியதுதான்.

புதிய தோல் பூட்ஸில் இன்னொரு காரணமும் உண்டு. விறைப்பான சோல் பாதத்தோடு வளையாததால், பாதம் ஷூவை விட்டு எழும்புகிறது. பழகப் பழக இது சரியாகும். இந்த ஒரு வகைக்கு மட்டும்தான் “போடப் போடச் சரியாகிவிடும்” என்ற விற்பனையாளரின் வாக்கை ஏற்கலாம். நீளம் குறைந்த ஷூ பழகாது. மெல்லிய வலைத்துணி ஷூ முதல் நாள் எப்படி இருக்கிறதோ, கிட்டத்தட்ட அப்படித்தான் கடைசி நாளிலும் இருக்கும்.

ஈரத்துக்கு வருவோம். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ கலந்த சாக்ஸ் அதை வெளியே கடத்தும். இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டு நண்பகலில் மாற்றுங்கள். கழற்றியதை முதுகுப்பையின் வெளியே தொங்கவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும்.

சுருக்கென்று சூடு தெரிந்த அந்த நொடியில் நிற்க வேண்டும். “அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நடந்துதான் நானும் குதிகால் தோலை இழந்தேன். காலைத் துடைத்து உலர்த்தி, மூலைகளை வட்டமாக வெட்டிய பிளாஸ்திரியைச் சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். விலையுயர்ந்தது தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பல நாள் நெடுந்தொலைவு ஓட்டத்தில் கலந்துகொண்ட 128 பேரின் ஒரு காலில் மட்டும் மருத்துவமனைகளில் பயன்படும் சாதாரணக் காகித டேப்பை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.

கொப்புளம் வந்தே விட்டதா? சிறியதென்றால் உடைக்காதீர்கள். பெரிதாகிக் கால் ஊன்ற முடியாவிட்டால், சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டு மூடிக் கட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தாங்களாகக் குத்தவே கூடாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறக்கத்தில் விரல் நுனி இடிக்கிறது, நகம் கறுக்கிறது

இரண்டு காரணங்கள், வெளியே ஒன்றுபோலத் தெரியும். ஷூவின் நீளம் போதவில்லை, அல்லது நீளம் போதுமிருந்தும் பாதம் உள்ளே முன்னோக்கிச் சறுக்குகிறது. முன்னதற்குப் புது ஷூ வேண்டும், பின்னதற்கு லேஸ் போதும். கண்டுபிடிக்காமல் பெரிய ஷூ வாங்குகிறவர்களின் நகம் அதிலும் கறுக்கும், ஏனென்றால் சறுக்க இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்துவிடுகிறது.

இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, சாக்ஸ் அணிந்த காலால் அதன்மேல் நில்லுங்கள், குதிகால் பின்விளிம்போடு சரியாக இருக்கட்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் மிஞ்ச வேண்டும். மிக நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை. பலருக்கு இரண்டாவது விரல். இரண்டு கால்களும் ஒரே அளவாகவும் இருப்பதில்லை. பெரிய காலுக்கு வாங்கி, சிறிய காலை இன்சோலால் சமாளிக்க வேண்டும்.

இடம் போதவில்லை என்றால் எவ்வளவு கூட்டுவது? பிரிட்டிஷ், அமெரிக்க அளவுகளில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். பழைய காலத்தில் ஒரு பார்லி மணியின் நீளம் என்று கணக்கு வைத்தார்கள், அதுவே இன்றும் தொடர்கிறது. அரை எண் கூட்டினால் 4 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். ஐரோப்பிய அளவில் ஓர் எண் சுமார் 6.7 மில்லிமீட்டர். ஆகவே “ஒரு சைஸ் பெரிதாக” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், உங்களுக்கு எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று அளந்துகொண்டு போங்கள்.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடக்கும்போது அணியும் அதே சாக்ஸ், முடிந்தால் எடை வைத்த முதுகுப்பை. கடையில் சாய்தளம் இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், இல்லையென்றால் சுவரில் ஷூவின் முனையை நான்கைந்து முறை உதையுங்கள். விரல் சுவரை உணர்ந்தால் அந்த ஷூ வேண்டாம். கடைக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

நீளம் சரியாக இருந்தும் இடிக்கிறதென்றால், பாதம் மேடேறி வளையும் இடத்தில், கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, லேஸைப் பூட்ட வேண்டும். வழக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுகிற இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுங்கள். விட்டாலும் நழுவாது. அதற்குக் கீழே விரல் பக்கம் தளர்வாகவும், மேலே இறுக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஏற்றம் முடிந்து உச்சியில் படம் எடுக்கிற நேரத்தில் குனிந்து இதைச் செய்துவிட்டு இறங்குங்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே கட்டு போதாது.

நகத்தைப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். கறுத்த நகம் விழுந்தால் புதிது முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகிறது

லேஸ் அழுத்துகிறது, அவ்வளவுதான். வலிக்கிற இடத்தில் மட்டும் குறுக்கே போகாமல், இரு பக்கமும் நேராக மேல் துளைக்கு ஏற்றி, அதற்கு மேல் மறுபடி குறுக்காகப் போடுங்கள். நடுவில் ஒரு சன்னல் திறந்ததுபோல இருக்கும், அந்தச் சன்னலுக்குள் உங்கள் நரம்பு மூச்சுவிடும்.

விரல்கள் மரத்து, கூடவே குளிர்ந்தும் போனால் வேறு சங்கதி. குளிருக்குப் பயந்து இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்திருப்பீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஒன்றைக் கழற்றுங்கள்.

சுண்டுவிரல் கடிக்கிறது, விரல்களுக்கு இடையே புண்

இது அகலத்தின் கோளாறு. நீளத்தைக் கூட்டி அகலத்தைத் தீர்க்கப் பார்ப்பது பொதுவான தவறு. சுண்டுவிரல் தப்பிக்கும், குதிகால் ஆடத் தொடங்கும். வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அதன்மேல் இன்சோலை வையுங்கள். கோடு எங்கே வெளியே பிதுங்குகிறதோ அங்கேதான் கடி. முன்பகுதி விசிறிபோல விரிந்த பாதத்துக்கு விரல் பக்கம் அகலமாக வார்த்த ஷூ வேண்டும், சில தயாரிப்பாளர்கள் ஒரே ரகத்தை இரண்டு அகலங்களில் தருகிறார்கள். விரல்கள் ஒன்றையொன்று உரசிப் புண்ணானால், கையுறைபோல விரல்விரலாகப் பிரிந்த சாக்ஸ் உதவும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஷூவுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

உள்ளங்கால் கல்லையெல்லாம் எண்ணுகிறது

ஷூவின் இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுப்பாதத்தில் காகிதம்போல மடிந்தால் அது கல்நிலத்துக்கான ஷூ அல்ல. பிறகு துணி பிழிவதுபோல முறுக்குங்கள். எளிதில் முறுக்கிக்கொள்ளும் ஷூ சமவெளிப் பாதைக்குச் சுகம், சரளைக்கல்லில் மாலைக்குள் பாதம் சோர்ந்துபோகும். சில மலையோட்ட ஷூக்களில் கல் குத்தாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள், பாரமான பை சுமப்பவர்களுக்கான பூட்ஸில் நீள விறைப்புத் தண்டு இருக்கும்.

முன்பு நன்றாக இருந்த ஷூ இப்போது குத்துகிறதென்றால், சோலின் நடு அடுக்கில் உள்ள நுரை செத்துவிட்டது. கீழ் ரப்பரின் பற்கள் புதிதுபோல இருந்தாலும் நுரை போயிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். இலகுவான மலையோட்ட ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும், பக்கவாட்டில் ஆழமான சுருக்கங்களும் அதன் சாட்சி.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் ஊசி குத்துவதுபோல வலித்தால், அது உள்ளங்கால் தசைநார் அழற்சியாக இருக்கலாம். ஷூவை மாற்றிக்கொண்டே காலம் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

நீர்புகா ஷூதான், ஆனால் கால் நனைகிறது

என்னிடம் வரும் புகார்களில் கோபம் அதிகமானது இது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல விலை கொடுத்திருப்பார்கள்.

1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், டெஃப்லான் வகையைச் சேர்ந்த பொருளை வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த சவ்வாக விரிவதைக் கண்டார். நீர்புகா ஷூக்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் கோர்-டெக்ஸ் அதுதான். அதன் துளைகள் நீர்த்துளிக்கு மிகச் சிறியவை, நீராவிக்குப் பெரியவை. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியேறும் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாடு எங்கே முறிகிறது என்பதைக் கால் நனைந்த விதத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

சாக்ஸ் மேலிருந்து கீழாக நனைந்திருந்தால், நீர் கழுத்து வழியே வந்தது. கணுக்காலுக்கு மேல் நீர் வந்தால் எந்தச் சவ்வும் காப்பாற்றாது. ஷூவின் கழுத்தை மூடும் கெய்ட்டர் உறை மழைக்கும் புல்லின் ஈரத்துக்கும் ஓரளவு உதவும், ஓடையில் இறங்கினால் உதவாது.

மழையே இல்லாத நாளிலும் நனைந்தால், அது உங்கள் வியர்வை. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த காற்றில் ஆவி வெளியேற வழியில்லை.

மழையில் வெளித்துணி நீரை உருட்டிவிடாமல் குடித்து, கறுத்து, கனத்துப்போனால், நீர் ஒட்டாப் பூச்சு தேய்ந்துவிட்டது. சவ்வு நன்றாகவே இருக்கும்; வெளியே நீர்ப்படலம் மூடியிருப்பதால் வியர்வை வெளியேறவில்லை. ஷூவைக் கழுவி, அதற்கான திரவத்தைப் பூசினால் சரியாகும்.

மூன்றும் இல்லையென்றால் சவ்வு கிழிந்திருக்கலாம். ஷூவுக்குள் உலர்ந்த காகிதத்தைச் சுருட்டி வைத்து, கழுத்துக்குக் கீழ்வரை வாளி நீரில் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காகிதம் எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை. பெரும்பாலும் விரல் மடங்கும் இடத்தில்தான். இதைச் சரிசெய்ய நல்ல வழி கிடையாது.

என் கட்சி என்னவென்றால், பனிக்கும் கடுங்குளிருக்கும் நீர்புகா பூட்ஸ் அணியுங்கள். வெப்பமான நிலத்தில், ஓடைகளைக் கடக்கும் பாதையில் அது வீண். அங்கே வலைத்துணி ஷூவோடு நீரில் இறங்கி ஏறுங்கள். அரை மைல் நடப்பதற்குள் பெரும்பாலான நீர் பிழிந்து போயிருக்கும். நீர்புகா ஷூவுக்குள் ஒருமுறை நீர் புகுந்தால் அதே சவ்வு அதை வெளியே விடாமல் காக்கும்.

எந்த ஷூவானாலும் நெருப்பருகே உலர்த்தாதீர்கள். பசை இளகும், தோல் வெடிக்கும். இன்சோலை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைத் திணித்து, அது ஈரமானதும் மாற்றுங்கள். உறங்குவதற்கென்று ஒரு ஜோடி சாக்ஸைத் தனியே பைக்குள் வையுங்கள், அதை அணிந்து ஓர் அடியும் நடக்காதீர்கள்.

வழுக்குகிறது

எதில் வழுக்குகிறது என்று சொல்ல வேண்டும். சேற்றில் என்றால் சோலின் பற்கள் ஆழம் குறைந்தவை, அல்லது நெருக்கமானவை. நெருங்கிய பற்களுக்கிடையே சேறு அடைத்துக்கொண்டு சோல் வழவழப்பாகிவிடும். ஈரப்பாறையில் என்றால் பற்கள் அல்ல, ரப்பரின் மென்மைதான் கணக்கு. மென்மையான ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டையும் ஒருசேரக் கொடுக்கும் ரப்பர் எனக்குத் தெரிந்து இல்லை. பாசி படிந்த மரத்துண்டில் என்றால் ஷூவைக் குறைசொல்லிப் பயனில்லை, சுற்றிப் போங்கள்.

பல் வைத்த ரப்பர் சோலுக்கே ஒரு சோகக்கதை இருக்கிறது. அதற்கு முன் மலையேறிகள் ஆணி அடித்த பூட்ஸில் ஏறினார்கள், பாறைப்பகுதிக்கு மெல்லிய காலணியை மாற்றிக்கொண்டார்கள். 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் இத்தாலியரான விட்டாலே பிரமானியின் தோழர்கள் ஆறு பேர் மோசமான வானிலையில் மாண்டார்கள். தகுந்த காலணி இல்லாததும் ஒரு காரணம். அவர் உருவாக்கிய ரப்பர் சோல் 1937-இல் வந்தது. அவருடைய பெயரின் முதல் எழுத்துகளும் குடும்பப்பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்துதான் விப்ரம். ஷூவின் அடியில் அந்த மஞ்சள் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள்.

கணுக்கால் பிசகுகிறது

உயரமான பூட்ஸ் வாங்கினால் தீரும் என்பதே எல்லோரும் சொல்வது. நான் அவ்வளவு நம்பவில்லை. மெத்தென்ற துணிக்கழுத்து, உடல் எடையோடு திரும்பும் கணுக்காலைத் தடுத்து நிறுத்தாது. கல் இடிக்காமல் காக்கும், மணல் புகாமல் காக்கும், அதுவே பெரிய உதவிதான். முதலில் சோலின் உயரத்தைப் பாருங்கள். தடித்த நுரைமேல் நிற்பது மணைமேல் நிற்பதுபோல. சரிந்தால் தூரம் அதிகம். அடுத்து, முன்பு சுளுக்கிய கணுக்காலா? ஒற்றைக்காலில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். தள்ளாடினால் பயிற்சி வேண்டியது காலுக்கு. ஊன்றுகோல் இரண்டு எடுத்துச் செல்வது, பூட்ஸின் உயரத்தைவிட நன்றாக உதவும். பாதையே இல்லாத பாறைச்சரிவில் கனமான பையோடு போகிறவர்களுக்கு மட்டும் விறைப்பான பூட்ஸைச் சிபாரிசு செய்வேன்.

கால் ஈயக்குண்டாகக் கனக்கிறது

ஷூவை நிறுத்துப் பாருங்கள். பாதத்தில் சுமக்கும் எடை, உடலோடு சேர்த்துச் சுமப்பதைப்போல 4 முதல் 6 மடங்கு சக்தியைத் தின்கிறது என்று 1969-லேயே அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பையில் ஒரு சட்டையைக் குறைப்பது பற்றி மணிக்கணக்காக யோசிப்பவர்கள் ஒன்றரைக் கிலோ பூட்ஸை அணிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கெண்டைக்கால் மட்டும் இழுத்துப் பிடித்தால் காரணம் வேறு: குதிகாலும் விரலும் ஒரே மட்டத்தில் இருக்கும் தட்டையான ஷூவுக்குத் திடீரென்று மாறியிருப்பீர்கள். வாரத்துக்கு ஒரு குறுநடை என்று தொடங்குங்கள்.

நடுவழியில் சோல் கழன்றுவிட்டது

அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸுக்குத்தான் இது நேரும். பல பூட்ஸின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் வயது ஏறும். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள், ரஸ்க் பொடிவதுபோலப் பொடிந்துவிடும். என்னுடையது ஆறு ஆண்டு உறங்கிவிட்டு, முதல் நாள் மதியமே வாயைப் பிளந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நடு அடுக்கின் பக்கவாட்டை நகத்தால் அழுத்துங்கள். மயிரிழை வெடிப்பு, பிசுபிசுப்பு, உதிரும் துகள் எது தெரிந்தாலும் அந்தப் பூட்ஸை வீட்டைச் சுற்றி நடக்க வைத்துக்கொள்ளுங்கள். பொடிந்த நுரையைப் பசையால் ஒட்ட முடியாது. மேற்பகுதி நல்ல தோல் என்றால் சோலையே மாற்றித் தருபவர்கள் உண்டு. நுரை உறுதியாக இருந்து, பரப்பு மட்டும் சுத்தமாகப் பிரிந்திருந்தால் அது பசையின் தோல்வி. இரு பக்கத்தையும் சுரண்டித் துடைத்து, ஷூவுக்கான பசையைப் பூசி, கட்டி ஒருநாள் வைத்தால் ஒட்டும்.

வழியில் நேர்ந்துவிட்டால், மெல்லிய கயிற்றால் விரல் மடிப்புக்கு முன்னால் ஒரு சுற்று, நடுப்பாதப் பள்ளத்தில் இரண்டு சுற்று. முடிச்சு மேலே இருக்கட்டும். அடியில் ஓடும் கயிறு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் படியட்டும், இல்லாவிட்டால் பாறையில் அறுந்துவிடும். கயிறு இல்லையென்றால் அகலமான துணி டேப். ஊன்றுகோலைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் சுற்றி வைத்திருங்கள். ஒரு காலைக் கட்டி முடித்ததும் நிமிர்ந்துவிடாதீர்கள். இன்னொரு பூட்ஸுக்கும் அதே வயதுதான். அதையும் அப்போதே கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.